மோரிஸ் மைனரும் பால்மரமும்



சென்ற தவணையில் ஒரு நாள் காலை, பள்ளி வாயிலில் நின்று மாணவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தேன். புரோட்டோன், பெரோடுவா என்று வழக்கமான மகிழுந்துகளின் வரிசைக்கு நடுவே, வெளிர்பச்சை நிறத்தில் பழைய மோரிஸ் மைனர் ஒன்று மெல்ல ஊர்ந்து வந்து நின்றது. மாணவி ஒருத்தியை அவளுடைய தாத்தா அதில் அழைத்து வந்திருந்தார். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் ஓடிச்சென்று சூழ்ந்துகொண்டனர். "ஐயா, பொம்மை கார் மாதிரியே இருக்கு!" என்று வியந்தான் ஒருவன்.

அன்றைய வரலாற்றுப் பாடத்தை அந்த மகிழுந்திலிருந்தே தொடங்கினேன்.

மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமானது. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவரே பின்னாளில் புகழ்பெற்ற மினி மகிழுந்தையும் உருவாக்கினார். பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் மகிழுந்து மோரிஸ் மைனர்தான். பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த மலாயாவின் சாலைகளில் பிரிட்டிஷ் மகிழுந்துகள் மிகுந்திருந்ததில் வியப்பில்லை.

அடுத்து, எண் பட்டையைப் பார்க்கச் சொன்னேன். நம் நாட்டில் மகிழுந்து கைமாறினாலும், பொதுவாக அதன் பதிவெண் மாறுவதில்லை. எனவே, முதல் எழுத்து அது முதன்முதலில் பதிவான மாநிலத்தைக் காட்டும். 'ஏ' என்றால் பேரா, 'ஜே' என்றால் ஜொகூர், 'கே' என்றால் கெடா. கோலாலம்பூருக்கு உரிய 'டபிள்யூ' எழுத்துக்கோ தனிக்கதை உண்டு. 1974ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. அதற்கு முன்னர் அது சிலாங்கூர் மாநிலத்தின் பகுதி. ஆகவே, 1960களில் கோலாலம்பூரில் பதிவான மகிழுந்து ஒன்றை இன்று கண்டால், அதில் சிலாங்கூரின் எழுத்தே இருக்கும்.

பின்னர்ச் சாலையில் காணக்கூடிய வேறு பழைய வண்டிகளைப் பற்றிப் பேசினோம். மலேசியாவில் மகிழுந்துகளைப் பொருத்தும் தொழில் 1960களில் தொடங்கியது. 1967ஆம் ஆண்டு சிலாங்கூரில், இன்றைய ஷா ஆலாம் பகுதியில், வோல்வோ மகிழுந்துகளைப் பொருத்தும் ஆலை செயற்படத் தொடங்கியது. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் நாட்டின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா அறிமுகமானது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு அது உருவானது. பெட்டி போன்ற வடிவம் கொண்ட அந்த முதல் சாகாவும் இப்போது அரிய காட்சியாகி வருகிறது. அதனை ஓட்டிப் பழகிய நமக்கு அது பழைய வண்டி; நம் மாணவர்களுக்கு அது வரலாறு.

பாடம் இவ்வாறு உற்சாகமாகச் சென்றுகொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"ஐயா, எங்க தாத்தாகிட்ட கார் இருந்ததே இல்ல. தோட்டத்துல பால்மரம் வெட்டுனாரு. அப்படின்னா இந்தக் கதையில நாங்க இல்லையா?"

வகுப்பு அமைதியானது. அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. மகிழுந்தின் மேனியையும் எண் பட்டையையும் காட்டிய நான், அதன் சக்கரங்களைக் காட்ட மறந்துவிட்டேன்.

மீண்டும் தொடங்கினேன். 1877ஆம் ஆண்டு இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில பேராவின் கோலகங்சாரில் நடப்பட்டன. 1888ஆம் ஆண்டு ஹென்றி ரிட்லி என்பவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். மரத்தை அழிக்காமல் பட்டையை மெல்லச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை அவர் வகுத்தளித்தார். அதே 1888ஆம் ஆண்டில்தான் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார்.

1908ஆம் ஆண்டு அமெரிக்காவில் போர்டு நிறுவனத்தின் 'டி' மாடல் மகிழுந்து வெளிவந்தது. 1927ஆம் ஆண்டுக்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் உருவாயின. ஒவ்வொரு வண்டிக்கும் டயர்கள் வேண்டும். டயர்களுக்கு ரப்பர் வேண்டும். 1910ஆம் ஆண்டு ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. மலாயாவில் காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1907ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட குடியேற்றக் குழு, முதலாளிகளிடம் வரி பெற்று, தமிழகத்திலிருந்து தொழிலாளர்களைக் கப்பலேற்றும் செலவை ஏற்றது. ஆள் திரட்டக் கங்காணிகள் ஊர் ஊராகச் சென்றனர்.

விடியும் முன்னரே எழுந்து, குளிர்ந்த வேளையில் மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சுமந்தவர்கள் நம் முன்னோர். உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதியை மலாயா விளைவித்த காலம் ஒன்று இருந்தது. உலகச் சாலைகளில் மகிழுந்துகள் உருண்டோட, அவர்கள் செம்மண் பாதைகளில் வெறுங்காலுடன் நடந்தார்கள்.

இன்னொன்றையும் சொன்னேன். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1920களின் தொழிலாளர் சட்டம் கூறியது. கங்காணியோ கிராணியோ பாடம் சொல்லிக்கொடுத்த கொட்டகைகளாகப் பல பள்ளிகள் பிறந்தன. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. "உன் தாத்தா மகிழுந்து வாங்கவில்லை. ஆனால், அவரைப் போன்றவர்களின் உழைப்பு இல்லாமல் அந்த மகிழுந்துகள் ஓடியிருக்க முடியாது" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் அவன் ஒரு பழைய பீங்கான் மங்கைச் செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்தான். பாட்டி பத்திரப்படுத்தி வைத்திருந்ததாம். மோரிஸ் மைனர் படத்துக்கு அருகில் அதனை வைத்திருக்கிறோம்.

பெற்றோர்களே, பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் வழியில் பழைய வண்டி ஒன்றைக் கண்டால் வேகத்தைச் சற்றுக் குறையுங்கள். அது எங்கே செய்யப்பட்டது, எங்கே பதிவானது என்று கேளுங்கள். அதன் சக்கரங்களுக்கு யார் உழைத்தார்கள் என்றும் கேளுங்கள். ஆசிரியர் நண்பர்களும் தங்கள் வகுப்பில் இதனை முயன்று பார்க்கலாம். பாடநூலில் இல்லாத ஒரு பக்கம் உங்கள் மாணவர் வீட்டு அலமாரியிலும் இருக்கக்கூடும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்