பாட்டியார் விட்டுச் சென்ற கைக்கடிகாரம்

கிங்ஸ் சர்க்கிளில் தலைமுறைகளாக வாழும் தமிழர் இல்லங்களில், பாட்டியார் அணிந்த சிறு கைக்கடிகாரம் பெட்டகத்தில் உறங்குவதுண்டு. அதன் வயதை அறிவது எங்ஙனம்?

முகப்பிலுள்ள பெயரை மட்டும் நம்புதல் போதாது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாணிபம் நடத்திய வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி, ஸ்விட்சர்லாந்தில் செய்த கடிகாரங்களைத் தன் பெயரில் விற்றது. ஆகவே, தேர்ந்த கடிகாரக்காரரைக் கொண்டு பின்மூடியைத் திறந்து பார்த்தல் வேண்டும். 1907 ஜூன் முதல், பிரிட்டனில் இறக்குமதியான பொன், வெள்ளிக் கூடுகளுக்கு அந்நாட்டுச் சோதனை முத்திரை கட்டாயமாயிற்று. அது இருப்பின், அதிலுள்ள எழுத்தும் அதன் வடிவும் ஆண்டைக் கூறும். பட்டை கோக்கக் கூட்டோடு பற்றவைத்த கம்பி வளையங்கள் 1910, 1920களின் வழக்கம். 'இன்காப்ளாக்' என்னும் அதிர்ச்சித் தடுப்பு 1930களில் தோன்றியது. எச். எம். டி. எனில் 1961க்கு முற்பட்டதன்று. ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் அவ்வாண்டுதான் உற்பத்தி தொடங்கிற்று.

இவை கடிகாரம் பிறந்த காலத்தைக் காட்டுமேயன்றி, வாங்கிய நாளைக் காட்டா. அதனை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் நன்று.

பொன் கூட்டை எடைக்கு விற்று உருக்குவோரும் உளர். உருகுவது பொன் மட்டுமன்று. பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தின் சான்றும் அதனோடு அழிகிறது.