மிளகுக் காசில் எழுந்த தெரு

கெய்ரோவுக்குப் போகிறவர்கள் முதலில் பிரமிடைப் பார்ப்பார்கள். பிறகு மிச்சமிருக்கும் ஒரு மாலையில் கான் அல் கலீலி கடைத்தெருவுக்குள் நுழைந்து, ஒரு பித்தளை விளக்கையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்க ஒரு குட்டி ஒட்டகத்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வருவார்கள். நானும் வாங்கினேன். வாங்குங்கள், பேரம் பேசுங்கள், அதுவும் அந்த ஊர் வழக்கம்தான். ஆனால் கடைத்தெருவை ஒட்டி ஓடும் அல் முயிஸ் தெருவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நம் வீட்டு ரசத்தில் மிதக்கும் மிளகு ஒரு அரசையே எப்படித் தாங்கி நின்றது என்பதை அங்கே கல்லில் பார்க்கலாம்.

969இல் ஃபாத்திமிட்கள் கெய்ரோவை நிறுவியபோது இதுதான் நகரத்தின் முதுகெலும்பு. வடக்கே பாப் அல் ஃபுதூஹ் வாசல், தெற்கே பாப் சுவைலா வாசல், நடுவே சுமார் ஒரு கிலோமீட்டர் தெரு. ஃபாத்திமிட்களுக்குப் பின் வந்தவர்கள், முக்கியமாக 1250 முதல் 1517 வரை ஆண்ட மம்லுக் சுல்தான்கள், ஒருவர் பக்கத்தில் ஒருவராக இங்கே பள்ளிவாசல்களையும் கல்விக்கூடங்களையும் கட்டினார்கள். சுல்தான் கலாவூன் 1280களில் கட்டிய வளாகத்தில் ஒரு பெரிய மருத்துவமனையும் இருந்தது. ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடில்லாமல் அங்கே இலவச வைத்தியம். செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கடை வாடகையிலிருந்து. கடைகளையும் சத்திரங்களையும் அறக்கொடையாக எழுதிவைத்து, அதில் வரும் வருமானத்தில் இந்த அமைப்புகளை நடத்தினார்கள். அந்தத் தெருவில் கடையும் கோபுரமும் தோளோடு தோள் உரசி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கான் அல் கலீலியின் கதை அவ்வளவு அழகானதல்ல. 'கான்' என்றால் வணிகர் சத்திரம். 1380களில் ஜஹார்கஸ் அல் கலீலி என்ற அதிகாரி அதைக் கட்ட இடம் தேடினார். கிடைத்தது ஃபாத்திமிட் அரச குடும்பத்தின் கல்லறைத் தோட்டம். கல்லறைகளை இடித்து, எலும்புகளை நகருக்கு வெளியே குப்பைமேட்டில் கொட்டச் செய்தார். நகரத்தை உருவாக்கியவர்களின் எலும்புகள்! இன்று நாம் விளக்குக்கு விலை கேட்கும் இடம் அதுதான்.

இனி மிளகுக்கு வருவோம். அக்காலத்தில் மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையில், முக்கியமாக இன்றைய கேரளப் பகுதியில் விளைந்தது. அங்கிருந்து கப்பலில் ஏடனுக்கோ ஜித்தாவுக்கோ போகும். பிறகு செங்கடல், பாலைவனம், நைல் நதி வழியாகக் கெய்ரோ. அங்கிருந்து அலெக்சாண்டிரியாவில் காத்திருக்கும் வெனிஸ் வணிகர்கள் கைக்கு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரி.

இந்த வழியில் தமிழருக்கும் பழைய பங்குண்டு. செங்கடல் கரையில் குசைர் அல் கதீம் என்ற பழைய துறைமுகத்தில், சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய பானை ஓடு ஒன்றில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒறி என்றால் உறி, பானையைத் தொங்கவிடும் கயிற்று வலை. அரசனின் பெயரும் இல்லை, கடவுளின் பெயரும் இல்லை. யாரோ ஒருவர் சமையல் பாத்திரத்தின் மேல் எழுதிவைத்தது. எனக்கு இது பெரிய கல்வெட்டுகளைவிட நெருக்கமாக இருக்கிறது.

அல் முயிஸ் தெருவில் மசாலாக் கடைகள் தொடங்கும் மூலையில் சுல்தான் பர்ஸ்பாயின் கல்விக்கூடம் நிற்கிறது. 1422 முதல் 1438 வரை ஆண்டவர் இவர். வரி மட்டும் போதாது என்று மிளகு வியாபாரத்தையே அரசின் ஏகபோகமாக்கினார். தலைமுறைகளாக அதைச் செய்துவந்த கரீமி வணிகர்கள் நொடித்துப் போனார்கள். வெனிஸ்காரர்கள் சுல்தான் சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. கருவூலத்துக்கு அன்றைக்கு லாபம்தான். ஆனால் மொத்தச் சுமையையும் ஒரே கம்பியில் தொங்கவிட்ட வடிவமைப்பு அது. பொறியியல் படித்த எவருக்கும் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும்.

1498இல் வாஸ்கோ ட காமா ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோழிக்கோட்டுக்கு வந்துவிட்டார். அப்போது சுல்தான் அல் கூரியின் காலம் தொடங்கவிருந்தது. எகிப்தில் கப்பல் கட்ட மரம் கிடையாது. அதை வெளியிலிருந்து வரவழைத்து, கப்பல்கள் கட்டி இந்தியாவுக்கு அனுப்பினார். 1508இல் சவுல் துறைமுகத்தில் வெற்றி. அடுத்த ஆண்டே டையூவில் போர்த்துக்கீசியரிடம் படுதோல்வி. கெய்ரோவின் வருமானத்துக்கான சண்டை நம் கடலில் நடந்தது என்பதைப் பள்ளிப் புத்தகங்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

மிளகு போனதால்தான் அரசு விழுந்தது என்று சிலர் எழுதுவார்கள். அது கொஞ்சம் அவசரமான கணக்கு. அல் கூரியை வீழ்த்தியது 1516இல் சிரியாவில் மர்ஜ் தாபிக் போர்க்களத்தில் முழங்கிய ஒட்டோமான் பீரங்கிகள். செங்கடல் வழி மிளகு அந்த நூற்றாண்டின் நடுவில் மறுபடி தலைதூக்கியது. கெய்ரோ வணிகர்களும் சும்மா இருக்கவில்லை, யேமன் காப்பிக்கு மாறிப் பணக்காரர் ஆனார்கள்.

மசாலாக் கடைகளில் மிளகை 'ஃபில்ஃபில்' என்பார்கள். 'பிப்பலி' பாரசீகம் வழியாகப் போய் அப்படி ஆனது. அதே பிப்பலிதான் நமக்குத் திப்பிலி. நான் போன கடையில் மிளகு மூட்டையின்மேல் வியட்நாம் என்று அச்சிட்டிருந்தது. இன்று உலகுக்கு அதிக மிளகு விற்பது அவர்கள்தான். தாகமெடுத்தால் 'தமர் ஹிந்தி' கேளுங்கள். இந்தியப் பேரீச்சை என்று பொருள், ஆனால் தம்ளரில் வருவது நம் புளிக்கரைசல், சர்க்கரை போட்டு. குங்குமப்பூ மட்டும் மலிவாகக் கிடைத்தால் வாங்காதீர்கள், பெரும்பாலும் அது குசும்பப்பூ.

அல் அஸ்ஹர் சாலையைக் கடந்தால் அல் கூரி தனக்காகக் கட்டிய கல்லறை மண்டபம் வரும். அவர் அதில் இல்லை. மர்ஜ் தாபிக்கில் அவர் உடல் கிடைக்கவேயில்லை. அடுத்து வந்த சுல்தான் தூமான் பேயை 1517இல் ஒட்டோமான்கள் பாப் சுவைலா வாசலில் தூக்கிலிட்டார்கள். அந்த வாசலின் மேல் நிற்கும் கோபுரங்களில் ஏறலாம். படிகள் குறுகலானவை, சாயங்கால வெளிச்சத்தில் ஏறுங்கள்.