நதி உருட்டிய கல்லும் கை தீட்டிய கல்லும்

கம்பளையிலிருந்து பேராதனைக்கும் அங்கிருந்து கட்டுகஸ்தோட்டைக்கும் வந்து, கண்டி மாநகரை மூன்று புறமும் வளைத்துக்கொண்டு, பின்னர் கிழக்கே திரும்பித் தும்பறைப் பள்ளத்தாக்கில் இறங்குகின்ற மகாவலி கங்கையின் கரையிலே, கோடையில் நீர் வடிந்த இடங்களில் குனிந்து பார்ப்பவர்கள், கைக்கு அடங்கும் பெரிய கூழாங்கற்களைக் காட்டிலும் அவற்றின் நடுவே எண்ணிறந்து கிடக்கும் சிறு பருக்கைகளையே முதலில் கவனிக்கவேண்டும் என்பது என் விருப்பம். பெரிய கல்லின் வழவழப்பைக் கண்டு நீரின் மகிமை என்று வியக்கிறோம். ஆயினும் நீர் உருட்டுகிறதேயன்றி, அவ்வளவாகத் தேய்ப்பதில்லை. பெரிய கல்லும் பெரிய கல்லும் நேரே மோதிக்கொண்டால் விளிம்பு சிதறும், பிளவு விழும், மெருகு ஏறாது. அவற்றின் இடைவெளிகளிற் புகுந்து, மோதலின் வேகத்தைத் தாங்கி, மணலைப் பெரிய கல்லின் குழிகளுக்கெல்லாம் கொண்டுபோய் உரசுகின்ற சிறு கற்கள் இருந்தால்தான் அந்த மிருதுத்தன்மை உண்டாகும்.

இந்தப் பிரவாகம் ஒரு பரீட்சையும் நடத்துகிறது. கண்டியைச் சூழ்ந்த மலைகள் மிகப் புராதனமான உருமாறிய பாறைகளால் ஆனவை. நைஸ் பாறையும் குவார்ட்ஸ் பாறையும், திகனையிலும் மாத்தளைப் பக்கத்திலும் காணப்படும் பளிங்குச் சுண்ணக்கல்லும் அவற்றில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மோஸ் என்பார் வகுத்த கடினத்தின் அளவுகோலில் சுண்ணக்கல் 3; குவார்ட்ஸ் 7; ஸ்பினல் 8; நீலத்துக்கும் மாணிக்கத்துக்கும் மூலமான குருந்தம் 9. இவை யாவும் ஒரே வெள்ளத்தில் சேர்ந்து உருளும்போது சுண்ணக்கல் கரைந்தும் தேய்ந்தும் மறைய, குவார்ட்ஸ் உருண்டையாக, குருந்தமோ தன் பட்டை முனைகளைச் சற்றே இழந்து ஏறக்குறைய முழுமையாக எஞ்சுகிறது. இப்படி எஞ்சியவை கனத்தினால் ஆற்றின் அடியிலும் பழைய ஆற்றுப்படுகைகளிலும் தங்கி, பிற்காலத்தில் வயல்களின் கீழே புதைந்துபோன சரளை அடுக்கைத்தான் சிங்களச் சுரங்கத் தொழிலாளர் ‘இல்லம’ என்று வழங்குகின்றனர். கண்டிக்கு வடக்கே மாத்தளையைக் கடந்து அம்பன் கங்கைப் பக்கமாகச் சென்றால், எலஹெரப் பிரதேசத்தில் இத்தகைய அடுக்கைத் தோண்டி, கூடையிலிட்டு அலசி, கல் தேர்கிறார்கள்.

கண்டி அரசர் காலத்தில் இந்தச் சரளை எல்லோருக்கும் திறந்துகிடந்த செல்வமன்று. இரண்டாம் இராஜசிங்கனின் இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681-ல் வெளியிட்ட தமது நூலில், இரத்தினம் உண்டென்று அறியப்பட்ட இடங்களில் கூரிய கழுமரங்கள் நாட்டப்பட்டிருந்தன என்றும், அவ்வழியே செல்லத் துணிபவனுக்கு அந்தக் கழுவே கதி என்பது அதன் அர்த்தம் என்றும் எழுதுகிறார். சில ஆறுகளிலிருந்து அரசருக்காக மாணிக்கமும் நீலமும் வைடூரியமும் எடுக்கப்படுவதாக ஜனங்கள் பேசிக்கொண்டதையும், செர்ரிப் பழத்தின் கொட்டையளவு நிறக்கற்களைத் தாமே கண்டதையும் அவர் குறிப்பிடுகிறார். நதி பல யுகங்களாக உருட்டிக் கொடுத்ததைக் குனிந்து எடுக்கும் உரிமை ஒரே ஒருவருக்கு என்றிருந்த நிலையை எண்ணினால் மனம் கசக்கிறது.

அரண்மனைக்கு வந்த கல்லுக்கு அப்பால் என்ன நேர்ந்தது என்பதை நாம் அறிவதற்குப் பெரிதும் உபகாரம் செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. சர் முத்து குமாரசுவாமியின் புதல்வரான அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்து, பாறையைத் தேடி மலைநாடெங்கும் நடந்தவர். அந்த நடையிலேயே கைவினைஞர்களின் பட்டறைகளையும் கண்டு, 1908-ல் மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். கல்லின் இயல்பையும் கல்லைத் தீட்டும் கையையும் ஒருங்கே அறிந்த அப்படிப்பட்ட ஒருவர் அந்த வேளையில் வாய்த்தது நம் பாக்கியம்.

கண்டிய ஆபரணங்களில் பழைய கற்கள் பெரும்பாலும் முகப்புப் பட்டைகள் இன்றி, மேலே குமிழ்போல் திரண்ட வடிவிலேயே பதிக்கப்பட்டிருக்கும். ஆற்றுக் கல்லின் உருண்டையை அதிகம் சிதைக்காமல், நிறத்தையும் நிறையையும் காத்துக்கொண்ட முறை அது. தீட்டும் கருவி ‘ஹனபோருவ’ என்னும் சாணை. நிமிர்ந்து நிற்கும் உலோகத் தட்டு ஒன்று கிடையான அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். தரையில் அமர்ந்த தொழிலாளி வலக்கையால் வில்லை முன்னும் பின்னும் இழுத்து அச்சைச் சுழற்ற, இடக்கையால் கல்லைத் தட்டின்மீது பிடிப்பான். தட்டு தானாக அறுப்பதில்லை. ஆபரணத்துக்கு உதவாத குருந்தத்தை இடித்துப் பொடியாக்கி நீரிற் குழைத்துத் தட்டில் பூசினால்தான் அறுக்கும். கடைசி மெருகுக்குச் செப்புத் தட்டில் நெல் உமியை எரித்த சாம்பல்.

1845-ல் இலங்கைக் குடியேற்ற நாட்டுச் செயலாளராக வந்த எமர்சன் டெனன்ட் 1859-ல் எழுதிய நூலில் ஓர் அரிய செய்தி இருக்கிறது. இரத்தினங்கள் கிடைக்கும் ஆறுகளின் மணலில் மாணிக்கம், நீலம், கார்னெட் ஆகியவற்றின் நுண்துணுக்குகள் மிகுந்திருக்கும் என்றும், அந்த மணலையே கல் தீட்டுவோர் மென்மையான கற்களுக்கு மெருகிடவும், யானையின் கடைவாய்ப் பற்களைத் தகடுகளாக அறுக்கவும் பயன்படுத்தினர் என்றும் அவர் சொல்கிறார். ஒரு மாலையில் கோக்கவும் ஒரு மோதிரத்தில் பதிக்கவும் தகுதியற்றதென்று ஒதுக்கப்பட்ட துணுக்கே, தகுதி பெற்ற கற்கள் ஒளிபெறுவதற்குக் காரணமாக இருந்தது.

கற்களை ஒன்றாக அடைத்து உருட்டும் முறையை மனிதன் தன் கையால் செய்த இடம் வேறு. அது குஜராத்தின் கம்பாத். அங்கே அகேட், கார்னேலியன் மணிகளைத் தோற்பையில் குருந்தப் பொடியோடும், முன்பு மெருகிட்டபோது உதிர்ந்த கார்னேலியன் தூளோடும் கட்டி, நீரால் நனைத்துக்கொண்டே, எதிரெதிரே அமர்ந்த இருவர் வாரினால் மாறிமாறி இழுத்து, பத்துப் பதினைந்து நாள் உருட்டியதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பம்பாய் மாகாண கெஜட்டியர் கூறுகிறது. இன்று அவ்வேலையை மின்சாரத்தால் சுழலும் பீப்பாய்கள் செய்கின்றன. அநுராதபுரத்திலும் மாதோட்டத்திலும் அகழ்ந்தெடுத்த கார்னேலியன் மணிகளால், அந்த வகைக் கல் இலங்கைக்கு அந்நியமன்று என்பது தெரிகிறது. எனினும் அந்தப் பையைக் கண்டியில் தேடுவது வீண். பை ஆயிரம் மணிகளுக்கு ஏற்றது; எல்லாம் ஒரே கடினம், ஒன்று போனால் இன்னொன்று. நீலக்கல்லோ ஒவ்வொன்றும் ஒரு தனி ஜீவன். நட்சத்திர நீலத்தின் ஆறு கதிர்களும் வைடூரியத்தின் ஒற்றைக் கோடும் கல்லுக்குள் ஓடும் நுண்ணிய ஊசிகளாலும் குழல்களாலும் தோன்றுபவையாதலால், அந்தத் திசையறிந்து உச்சியை நிறுத்தினால்தான் ஒளி குமிழின் நடுவே நிற்கும். பை எல்லாப் பக்கத்தையும் சமமாகத் தேய்க்கும்; அதற்குத் திசை தெரியாது. ஆகவே கண்டிப் பட்டறை உருட்டும் வேலையை நதிக்கே விட்டுவிட்டு, கண்ணும் கையும் வேண்டிய வேலையைத் தான் எடுத்துக்கொண்டது என்பதே என் கருத்து.

1891-ல் அமெரிக்காவில் அச்சிசன் என்பார் சிலிக்கன் கார்பைடைச் செயற்கையாக ஆக்கிய பிறகு, குருந்தப் பொடியின் இடத்தை அது மெல்லமெல்லப் பிடித்தது. இன்று வீட்டு மேசையிலேயே சுழலும் சிறு பீப்பாய்களில் முரட்டுப் பொடியிலிருந்து நுண்பொடி வரை கிரமமாக மாற்றி, வாரக்கணக்கில் கல் உருட்டுகிறார்கள். பீப்பாயை மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலே நிரப்பவேண்டும். குறைந்தால் கற்கள் விழுந்து உடையும், நிறைந்தால் உருளா. பெரிய கற்களுக்கிடையே அதே கடினமுள்ள சிறு துண்டுகளைத் தாராளமாகக் கலக்கவேண்டும். குவார்ட்ஸோடு சுண்ணக்கல்லை இட்டால் அது சேறாகிவிடும். ஒருமுறை உருண்ட சிறு துண்டுகளைக் கழுவி மறுமுறைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கட்டத்தின் முரட்டுப் பொடி ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அடுத்த கட்டத்தின் மெருகைக் கீறிவிடும்.

மகாவலியின் பீப்பாய் இப்போது பெரும்பாலும் நின்றுவிட்டது. 1976-ல் பொல்கொல்லை அணையும், 1985-ல் பழைய தெல்தெனியா நகரை நீருக்குள் ஆழ்த்திய விக்டோரியா அணையும் வந்தபின், மேலிருந்து வரும் சரளை நீர்த்தேக்கங்களின் தலையிலேயே படிந்துவிடுகிறது. மின்சாரமும் பாசனமும் வேண்டியவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கண்டிய நகைகளைக் காட்சிக்கு வைப்போர், நகைக்குப் பக்கத்திலேயே ஒரு ஹனபோருவத் தட்டையும், ஒரு பிடி இல்லமச் சரளையையும், இடித்த குருந்தப் பொடியையும், எரித்த உமிச் சாம்பலையும் மூன்று சிறு கிண்ணங்களில் வைத்து, மூன்று மொழியிலும் விளக்கம் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.