ஆயில் சேம்பர் பேக்கிங்கும் ஜி.டி. நாயுடுவும்

போன வாரம் ஞாயித்துக்கிழமை முழுக்க ஒரு அம்பாசிடருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். சூலூரில் எங்கள் பெரியப்பா வீட்டு வண்டி. நிறுத்திய இடத்திலெல்லாம் கோலப்புள்ளி வைத்த மாதிரி ஆயில் சொட்டும். "சேம்பர் பேக்கிங் போயிருச்சு கண்ணு. நீதான் மெக்கானிக்கல் படிக்கிறயே, மாத்திப் போடு" என்றார் பெரியப்பா. மூன்றாம் வருடத்தில் இருந்துகொண்டு முடியாது என்று எப்படிச் சொல்வது? :-)

அந்தக் கூத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். அது எங்கெங்கோ சுற்றி சரித்திரக் கட்டுரையாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளவும்.

தெரியாதவர்களுக்காக: ஆயில் சேம்பர் என்பது இன்ஜினுக்கு அடியில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் தகரத் தொட்டி. பம்ப் அதிலிருந்து ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்பும். அது பேரிங்குகளையெல்லாம் நனைத்துவிட்டு மறுபடி தொட்டிக்கே வந்து விழும். தொட்டியும் இன்ஜின் பிளாக்கும் சேரும் இடத்தில் கசியாமல் இருக்க வைப்பதுதான் பேக்கிங். நம் புத்தகங்களில் கேஸ்கெட்.

ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்களில் இந்தத் தலைவலியே கிடையாது. ஓட்டுபவர் அவ்வப்போது ஒரு கைப்பம்பை அழுத்தி இன்ஜினுக்கு ஆயில் விடுவார். அது பாதி எரியும், மீதி ரோட்டில் ஒழுகும். திரும்பி வருவதே இல்லை. ஒழுகுகிறதே என்று யாரும் கவலைப்படவில்லை, ஏற்பாடே அப்படித்தான்!

அந்தக் காலத்து வண்டி ஒன்றுதான் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பையனின் மண்டையைக் குழப்பியது. பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்து ஊர் கலங்கல். 1893-ல் அங்கே பிறந்தவர் ஜி.டி. நாயுடு. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்து, அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று கோயமுத்தூர் வந்து ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார் என்பார்கள். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. பிரித்துப் போட்டார். பிறகு பூட்டினார்.

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். "பிரித்தார்" என்ற இடத்தில்தான் எல்லோரும் வாய் பிளப்பார்கள். பிரிக்க என்னாலும் முடியும் சாமி. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் மறுபடி பூட்டி ஓட வைத்தாரே, அதுதான் விஷயம்.

1920-ல் ஒரு பஸ்ஸை வாங்கி பொள்ளாச்சி - பழனி ரூட்டில் தானே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். கம்பெனியாக வளர்ந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் மின்சார மோட்டார் செய்தது, சவர பிளேடு, ஓட்டு இயந்திரம் எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். விட்டுவிடுகிறேன்.

சேம்பருக்கு வருவோம். அம்பாசிடர் 1957-ல் வந்தது. 1959-லிருந்து அதில் பி.எம்.சி. பி சீரிஸ் என்ற 1489 சி.சி. பிரிட்டிஷ் இன்ஜின். பெரியப்பா வண்டியில் இருப்பதும் அந்த வம்சம்தான். இதன் சேம்பருக்குக் கார்க் பேக்கிங் போடுவார்கள். கார்க் என்பது ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை, போர்ச்சுகல்லில்தான் அதிகம் விளைகிறது. ரப்பரை அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும். கார்க் அப்படியே உள்ளுக்குள் அடங்கிவிடும். அதன் பாய்சான் விகிதம் ஏறக்குறைய பூஜ்யம். செகண்ட் இயரில் மனப்பாடம் பண்ணிய சமாச்சாரம், காருக்கு அடியில் படுத்திருக்கும்போது திடீரென்று புரிந்தது.

புரிந்து என்ன பண்ண? ஜாக்கியில் தூக்கி, அதை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்து, ஆயிலை வடித்து, போல்ட்டுகளைக் கழற்றி, பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுப்பது வரை நன்றாகவே போனது. புதுசை ஷெல்லாக் தடவி வைத்தேன். அப்புறம் ஒழுகவே கூடாது என்ற வெறியில் ஒவ்வொரு போல்ட்டையும் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். கார்க்குக்கும் ஒரு எல்லை உண்டு. ரெண்டு இடத்தில் பிளந்துகொண்டது. தகர விளிம்பும் போல்ட் ஓட்டைகளைச் சுற்றிக் குழி விழுந்துவிட்டது. முன்பு சொட்டியது, இப்போது வடிந்தது. "பொட்டாட்ட இருந்ததைக் கோடு ஆக்கிப்போட்டயே" என்றார் பெரியப்பா.

இங்கே நாயுடு மறுபடி வருகிறார். 1945-ல் அவர் முயற்சியில் கோவையில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. இன்றைய ஜி.சி.டி. அதுதான். அங்கே முதல்வராக இருந்தபோது, இன்ஜினியரிங்குக்கு நாலு வருடம் தண்டம், ரெண்டு வருடம் போதும் என்றார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி என்று எனக்குத் தோன்றவில்லை. கார்க் ஏன் பிதுங்காது என்று வகுப்பில்தான் கற்றேன். ஆனால் எவ்வளவு இறுக்கினால் அது சாகும் என்று ஆறு செமஸ்டரில் என் கைக்கு யாரும் காட்டவில்லை. இந்த இன்ஜினின் சேம்பர் போல்ட்டுக்கு வேண்டியது வெறும் 6 அடி-பவுண்டு. குட்டி ஸ்பேனரைப் பிடித்து மணிக்கட்டால் இறுக்குகிற அளவு. நான் போட்டது எத்தனையோ மடங்கு!

திங்கட்கிழமை காலேஜுக்கு மட்டம். கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிக்காமல், "எதுக்கும் ரெண்டா வாங்கிட்டுப் போங்க தம்பி" என்றார். விளிம்பைக் கட்டையில் வைத்துத் தட்டிச் சமன் செய்து, நடுவிலிருந்து ஆரம்பித்து மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ராத்திரி வண்டிக்கு அடியில் பேப்பர் விரித்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் ஒரே ஒரு சொட்டு. டார்ச் அடித்துத் தேடினேன். பேக்கிங் கிடையாது, டிரெயின் போல்ட் வாசர்.