குட்டை ஆரை மணிக்கட்டு நீட்டுதசை

முன்கையின் பின்புறத்தில், கட்டைவிரல் பக்கமாக ஓடி, மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் உயர்த்தும் தசை இது. லத்தீனில் எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் பிரெவிஸ் எனப்படும். இதை ஓரளவு மூடியபடி நெட்டை ஆரை நீட்டுதசை அமைந்துள்ளது.

மேற்கை எலும்பின் கீழ்முனையில், முழங்கையின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் மேட்டில் இது தொடங்குகிறது. வேறு மூன்று நீட்டுதசைகளும் அதே பொதுத் தசைநாணில் பங்கு கொள்கின்றன. முன்கையின் நடுப்பகுதியிலேயே சதை முடிந்து தட்டையான தசைநாணாகிறது. அது மணிக்கட்டின் பின்புறமுள்ள ஆறு உறைகளுள் இரண்டாவதில் நெட்டைத் தசையின் நாணோடு சேர்ந்து நுழைந்து, நடுவிரலுக்குரிய அங்கை எலும்பின் அடியில் பதிகிறது. நெட்டைத் தசை பதிவதோ சுட்டுவிரலுக்குரிய எலும்பில். ஆரை நரம்பின் ஆழ்கிளை பெரும்பாலும் இதை இயக்குகிறது.

மணிக்கட்டை உயர்த்துவதைவிட, அதை அசையாமல் நிறுத்துவதே இத்தசையின் பெரிய பணி எனலாம். விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து செல்வதால், அவை இழுக்கும்போது மணிக்கட்டும் உள்நோக்கி மடங்கப் பார்க்கும். மடங்கினால் பிடி தளர்ந்துவிடும். அதைத் தடுப்பவற்றுள் இது முதன்மையானது. முழங்கைக்குச் சற்றுக் கீழே, முன்கையின் வெளிப்புறத்தில் மறுகையை வைத்து முட்டியை இறுக மூடிப் பார்த்தால் அங்குள்ள நீட்டுதசைகள் விறைப்பதை உணரலாம். ஈரத்துணி பிழிகையிலும் வாளி தூக்குகையிலும் திருப்புளி முறுக்குகையிலும் இது ஓயாமல் உழைக்கிறது.

அந்த உழைப்பின் விலைதான் ‘டென்னிஸ் முழங்கை’. இந்நோயில் பெரும்பாலும் சிதைவது இத்தசைநாணின் தொடக்கப் பகுதியே. பெயர் டென்னிஸைச் சுட்டினாலும், 1873இல் ஜெர்மானிய மருத்துவர் ருங்கே இதை விவரித்தது எழுதுவோரின் கைவலி தொடர்பாகத்தான். 35 முதல் 55 வயதுக்குள் மிகுதியாக வரும் இதை நெடுங்காலம் அழற்சி என்றே கருதினார்கள். ஆனால் நுண்ணோக்கியில் அழற்சி உயிரணுக்கள் அரிதாகவே தென்படுகின்றன. ஒழுங்கிழந்த நார்களும் புதிய இரத்தக் குழாய்களுமே காணப்படுகின்றன. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவை இல்லாமலே குணமாகிறது.

மேற்கையில் ஆரை நரம்பு அடிபட்டால் மணிக்கட்டு தொங்கிவிடும். நரம்பு மீளாத நிலையில், முன்கையை உட்புறம் திருப்பும் ஒரு தசையின் நாணை அறுவை மருத்துவர்கள் இத்தசைநாணுடன் இணைப்பார்கள். நெட்டைத் தசையை விட்டு இதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், கையின் நடுக்கோட்டை ஒட்டி இது பதிந்திருப்பதுதான்: இங்கே இழுத்தால் கை கட்டைவிரல் பக்கம் அதிகம் சாயாமல் நேராக உயரும்.