பகுதி நான்கில் ஒரு பாடம்



போன மாதம் என் தங்கை பேத்தி திருத்தங்கலுக்கு வந்திருந்தாள். பி.காம். படிக்கிறாள். பையில் சுற்றுச்சூழல் புத்தகம் மடிப்புக் கலையாமல் புதுசாக இருந்தது. "இதைப் படிக்கலையா தாயி?" என்றேன். "அது பார்ட் ஃபோர் தானே தாத்தா, பாஸ் பண்ணாப் போதும். கிளாஸுக்குச் சேராது" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் படித்தபோது வேதியியல் மேஜர், இயற்பியல் ஆன்சிலரி. ஆன்சிலரிக்குப் பரீட்சைக்கு முந்தின இரண்டு நாள்தான் ஒதுக்கினேன். ஆனாலும் அந்தப் புத்தகம் அவள் பைக்குள் எப்படி வந்தது என்ற வரலாற்றைச் சொன்னேன். அதில் நம்ம ஊரும் வருகிறது என்பதால் உங்களுக்கும் எழுதுகிறேன்.

எம்.சி. மேத்தா என்ற உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் 1986-இல் ஒரு வழக்குப் போட்டார். சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் பிள்ளைகள் வேலை செய்வதைப் பற்றிய வழக்கு. மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். விடியுமுன் ஆலை பஸ் கிராமத்துக்கு வரும், தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். வருகைப் பதிவேட்டில் நான் போட்ட 'ஆப்சென்ட்' எல்லாம் அந்த பஸ்ஸில் போனவைதான். 1996 டிசம்பர் 10-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும், அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்றது நீதிமன்றம்.

இதற்கு நடுவில் அதே மேத்தா இன்னொரு வழக்கும் போட்டார். சுற்றுச்சூழல் பற்றிய அறிவு சினிமா, வானொலி, தொலைக்காட்சி, கல்விக்கூடங்கள் வழியாக மக்களுக்குப் போக வேண்டும் என்று கேட்டார். 1991 நவம்பர் 22-இல் தீர்ப்பு. தியேட்டர்களில் இலவசமாக ஸ்லைடு போட வேண்டும், கல்லூரி வரைக்கும் இதைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்பது உத்தரவு. உத்தரவு காகிதத்திலேயே பல வருடம் கிடந்தது. 2003-இல் நீதிமன்றம் மறுபடி அழுத்திக் கேட்ட பிறகுதான், கலை, வணிகம், அறிவியல் எல்லா இளநிலை மாணவர்களுக்கும் பொதுவாகப் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த ஆறு மாதப் பாடம் பரவலாக நடைமுறைக்கு வந்தது.

எட்டு அலகு, ஐம்பது வகுப்பு. அதில் காலநிலை மாற்றம் எங்கே இருந்தது தெரியுமா? ஆறாவது அலகில் அமில மழை, ஓசோன் படல அரிப்பு, அணு விபத்து இவற்றோடு ஒரே வரியில். அந்த அலகு முழுவதற்குமே ஏழு வகுப்புதான். நிலக்கரிப் புகையில் சேரும் கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் என்று ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரேனியஸ் 1896-இலேயே கணக்குப் போட்டுவிட்டார். நூறு வருடம் கழித்தும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வரிதான் கிடைத்தது. 2023-இல் மானியக் குழு வெளியிட்ட புதிய பாடத்திட்ட வரைவில்தான் அதற்கென்று தனி அலகு வந்திருக்கிறது.

நமக்கு ஏன் இது முக்கியம்? நம்ம பிழைப்பே காலநிலை கொடுத்ததுதான். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அது இங்கே வேர் பிடிக்க, மழை குறைந்த கரிசல் காட்டின் காய்ந்த காற்றும் வெயிலும் ஒரு காரணம். மருந்தும் தாளும் காய வெயில் வேண்டும்.

2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. அதன்பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது டீக்கடையில் கேட்ட பேச்சு: "உலகமே சூடாகுறதுக்கு நம்ம பட்டாசுதான் காரணமாம்ல?" அது தப்பு. பட்டாசுப் புகை காற்று மாசு. மூச்சுக்குக் கெடுதல், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தூசி சில நாளில் படிந்துவிடும். கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே நிற்கும். அதில் பெரும்பங்கு நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரிப்பதிலிருந்து வருகிறது. இந்த வித்தியாசத்தைச் சபையில் எழுந்து சொல்ல, அந்த ஏழு வகுப்பை ஒழுங்காகக் கேட்டவர்கள் நம்ம ஊரில் நாலு பேர் வேண்டாமா?

பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ மழை காலந்தப்பிப் பெஞ்சா நம்ம ஆளுகளுக்கு என்ன ஆகும் தாத்தா?" என்றாள்.

அந்தப் பாடத்தின் எட்டாவது அலகு களப்பணி. ஐந்து வகுப்பு நேரம். பக்கத்து ஊர்க் குளத்தையோ மாசுபட்ட இடத்தையோ நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். உங்களில் பலர் அதை அடுத்தவர் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதியதாக என்னிடமே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறீர்கள்! நான் அவளைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் அனுப்பினேன். முப்பது வருடமாகப் பட்டாசு ஆலைக்குப் போகிறவர். போன வருடம் மழையால் வேலை நின்ற நாட்களை அந்த அம்மா விரல் விட்டு எண்ணிச் சொல்ல, இவள் எழுதினாள். வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. ஒரு பக்கம் நிறைந்தது.

மார்க்குக்குச் சேராத பக்கம்தான். ஆனால் அவள் நோட்டில் பார்த்து எழுதாத பக்கம் அது.

ஆலையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழையால் வேலை நின்ற நாட்களை இந்த வருடம் முதல் காலண்டரில் குறித்து வையுங்கள். பேத்தி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்கள் காலண்டரில் இருக்கும்.