வீட்டுத் தறியும் கம்பெனி உத்தியோகமும்

காரியாலயத்துக்கு வாரத்தில் எத்தனை நாள் போவது என்னும் கேள்வி இன்று நம் காலனியில் பல குடும்பங்களில் எழுந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் கதவடைத்திருந்தபோது, வீட்டிலிருந்தே வேலை செய்யுமாறு பணித்த கம்பெனிகள், பிற்பாடு திரும்பி வருமாறு அழைத்தன. இளைஞர்கள் முணுமுணுக்கிறார்கள். மேலதிகாரிகளோ, கண் பார்வையில் இல்லாதவன் உழைப்பானா என்று ஐயுறுகிறார்கள். இரு சாராரும் இதைப் புத்தம் புதிய வழக்காகவே கருதி வாதாடுகின்றனர். சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் வீட்டில் உழைப்பதே பழைய வழக்கம் என்பதும், உழைப்பதற்காக வீட்டை விட்டுப் புறப்படுவதுதான் பிற்காலத்துப் புதுமை என்பதும் விளங்கும்.

சென்னைப் பட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். 1639-இல் ஆங்கிலக் கும்பினியார் அக்கடற்கரையில் இடம் பெற்றது பெரும்பாலும் துணி வாணிகத்தின் பொருட்டே. நெசவாளர் அருகில் குடியிருக்க வேண்டும் என்பதற்காக, ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்த 1734-இல், கூவம் ஆற்றின் வளைவில் ஒரு பேட்டை அமைத்தார்கள். சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை என்று மருவிற்று என்பர். அங்கே எழுந்தவை நெசவாளர் வீடுகளே. ஆலை ஏதும் இல்லை. வீடே பட்டறையாக இருந்தது. குழித்தறியில் குடும்பத் தலைவன் அமர்வான்; மனைவி மக்கள் நூலைத் தாரில் சுற்றித் தருவார்கள்; விடியற்காலையில் தெரு நெடுகப் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள்.

வணிகன் நெசவாளனுக்கு முன்பணம் கொடுப்பான். அப்பணத்தில் நூல் வாங்கி நெய்து, பேசிய தவணையில் துணியை ஒப்படைப்பது நெசவாளன் கடமை. சோழமண்டலக் கரையில் இதற்கு ஒரு விலக்கும் இருந்தது. பேசிய விலை கட்டாது போனால், வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவன் வேறொரு வணிகனுக்கு நெய்யலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சி அதிகாரம் கும்பினியார் கைக்கு வந்ததும் இவ்வுரிமையின் கழுத்தை நெரித்தார்கள். கும்பினியின் முன்பணம் பெற்றவன் பிறருக்கு நெய்யலாகாது என்றார்கள். தறிகளைக் கண்காணிக்க ஆட்களை ஏவினார்கள். வீடு அதே வீடு, தறி அதே தறி. ஆனால் அதில் அமர்ந்திருந்தவன் முன்போலச் சுதந்திரன் அல்லன். இதைச் சற்று விரித்து உரைப்பதற்குக் காரணம் உண்டு. இன்றைய வழக்கிலும் நாற்காலி எங்கே கிடக்கிறது என்பதைவிட, ‘முடியாது’ என்று சொல்ல உழைப்பவனுக்கு வழியுண்டா என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் காரியம் வேறு விதமாகத் திரும்பிற்று. 1771-இல் ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பவர் குரோம்போர்டு என்னும் சிற்றூரில் நீர்விசையால் ஓடும் நூற்பாலையை நிறுவினார். நீர்ச்சக்கரத்தை வீடுதோறும் கொண்டுபோக முடியாது. ஆகவே மக்கள் சக்கரத்திடம் வந்தார்கள். ஆயினும் அவரே தம் தொழிலாளருக்குக் கட்டித் தந்த வீடுகளில் மேல்தளத்தை நெசவுக்கென்று ஒதுக்கினார். பிள்ளைகள் ஆலையில் நூற்க, தகப்பன் வீட்டு மாடியில் நெய்வான். பாதி ஆலை, பாதி வீடு என்ற ஏற்பாடு அன்றே இருந்திருக்கிறது.

குமாஸ்தாவை வீட்டிலிருந்து கிளப்பியது காகிதம். கோப்பும் பேரேடும் எங்கே இருந்தனவோ அங்கே அவனும் இருக்க வேண்டியதாயிற்று. தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் பயின்ற இளைஞர்கள் பம்பாய்க்கும் டில்லிக்கும் ரயிலேறியது அதனால்தான். கோப்பு கும்பகோணத்துக்கு வந்திருக்குமானால் நம் சங்கமே தோன்றியிராது!

நம் மும்பை நகரில், கிர்காம் பகுதியில், 1959-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி ஏழு பெண்மணிகள் எண்பது ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். அதுவே லிஜ்ஜத் அப்பளத்தின் தொடக்கம். காலையில் கிளைக்குச் சென்று பிசைந்த மாவைப் பெற்று வந்து, வீட்டில் இட்டு உலர்த்தி, மறுநாள் ஒப்படைத்துக் கூலி பெறுவது அவர்கள் முறை. உழைப்போர் அனைவரும் ‘சகோதரிகள்’, லாபத்திலும் பங்குடையவர்கள். அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

திருநெல்வேலிச் சீமையில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்களும் வீட்டிலிருந்தே உழைப்பவர்கள்தாம். இலையும் தூளும் பீடிக்கடையில் கொடுப்பார்கள். கழித்த பீடிக்குக் கூலி இல்லை. தங்கள் நடையில் உட்கார்ந்து சுற்றுகிறவர்கள் தங்களுக்குத் தொழிலாளரே அல்லர் என்று முதலாளிகள் வாதித்தார்கள். 1966-இல் பாராளுமன்றம் இயற்றிய பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அவர்களையும் தொழிலாளர் என்றே ஏற்றது. முதலாளிகள் வழக்காட, 1974-இல் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டம் செல்லும் எனத் தீர்த்தது. அப்பளம் இட்டவர்களும் வீட்டில்தான் இருந்தார்கள், பீடி சுற்றியவர்களும் வீட்டில்தான் இருந்தார்கள். ஆயினும் இருவர் நிலையும் ஒன்றாக இருக்கவில்லை.

கணிப்பொறித் தொழிலிலும் இம்முறை நெடுநாளையது. நாஜிகளுக்குத் தப்பிக் குழந்தையாக இங்கிலாந்து சேர்ந்த ஸ்டெபனி ஷெர்லி என்ற அம்மையார் 1962-இல் ஆறு பவுன் முதலுடன் ஒரு கம்பெனி தொடங்கினார். குழந்தை பெற்றதனால் உத்தியோகத்தை விட்ட பெண்களுக்கு வீட்டிலேயே நிரல் எழுதும் வேலை தந்தார். பெண் பெயரைக் கண்டு பதில் எழுதாதவர்களுக்கு ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட்டு எழுதினார். தொலைபேசியில் குழந்தையின் அழுகை கேளாதிருக்க, தட்டெழுத்து ஓசையை நாடாவில் பதிந்து ஓட விடுவாராம்! கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை அவருடைய குழுவினரே எழுதினர்.

2017-இல் நம் மகப்பேற்று நலச் சட்டத்தைத் திருத்தியபோது, விடுப்பு முடிந்த தாய், வேலையின் தன்மை இடம் தந்தால், முதலாளியுடன் உடன்பட்டு வீட்டிலிருந்து பணிபுரியலாம் என்று விதித்தார்கள். கொள்ளை நோய்க்கு மூன்று ஆண்டு முன்னரே வந்த விதி இது.

என் கருத்தைக் கேட்டால், வேலையின் தன்மை இடம் தருமிடத்தெல்லாம் கம்பெனிகள் இதற்கு இசைய வேண்டும் என்பேன். ஆனால் வாய்ச்சொல்லாக அன்று, எழுத்தில் இசைய வேண்டும். கம்பெனிக்குக் கட்டட வாடகை மிச்சமாகிறது. மின்சாரமும் நாற்காலியும் யார் செலவு? இரவு பத்து மணிக்கு வரும் அழைப்புக்கு விடை சொல்லியே ஆக வேண்டுமா? இரண்டு அறை வீட்டில் அடுப்பையும் கணிப்பொறியையும் ஒருங்கே கவனிக்கும் மருமகளுக்கு அது சலுகையா, இரட்டைச் சுமையா? முன்பணத்தைத் திருப்பித் தரும் உரிமை நெசவாளனுக்கு இருந்ததுபோல, வீடா காரியாலயமா என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஊழியரிடம் இருந்தால் இவற்றுக்கு விடை காண்பது எளிது.

சீன தேசத்து ஷாங்காய் நகரில் ஒரு பிரயாணக் கம்பெனி 2010-இல் இதைச் சோதித்தது. விருப்பம் தெரிவித்தவர்களில் இரட்டைப்படைத் தேதியில் பிறந்தோரை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலும், மற்றோரைக் காரியாலயத்திலும் அமர்த்தினார்கள். ஒன்பது மாதத்தில் வீட்டிலிருந்தோர் செய்த வேலை நூற்றுக்கு 13 பங்கு மிகுந்தது. ஆயினும் சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தனிமை தாளாமல் காரியாலயத்துக்கே திரும்பினர். அதே கம்பெனி பிற்பாடு 1,612 ஊழியரைக் கொண்டு, ஒரு சாராருக்கு வாரம் இரண்டு நாள் வீடு என்ற ஏற்பாட்டைச் சோதித்தது. முடிவு 2024-இல் வெளியாயிற்று. வேலையை விட்டு விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தனர். சிறப்பாகப் பெண்களிடையிலும் நெடுந்தூரம் போய்வருவோரிடையிலும் அது குறைந்தது. விரார் வண்டியிலும் கல்யாண் வண்டியிலும் நின்றபடியே போய்வரும் நம்மவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.